இருபது ரூபாய்ப் பட்டையும் நாலாயிரம் ரூபாய் சைரனும்: கார் ஸ்டீரியோ திருட்டுத் தடுப்புப் பொருள்கள், ஒரு மதிப்பீடு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவி, பழைய குற்றாலம் வழியெங்கும் காலையிலேயே கார்கள் வரிசை கட்டிவிடும். கார்த்திகை பிறந்துவிட்டால் கூட்டம் தேசிய நெடுஞ்சாலை 744-ஐப் பிடித்துப் புளியரை, ஆரியங்காவு என்று மலையேறும். இரண்டு காலத்துக்கும் ஒன்று பொது. வண்டிக்காரர் குளிக்கவோ கும்பிடவோ போயிருக்கிறார், திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரமாகும் என்பது நிறுத்துமிடத்தில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஸ்டீரியோ திருடுகிறவனுக்கு அதில் மூன்று நிமிடம் போதும்.

தென்காசி, செங்கோட்டை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் என்று எங்கே ஆக்சசரீஸ் கடைக்குப் போனாலும், பிளேயர் வாங்குகிறவரிடம் கூடவே ஏதாவது ஒரு ‘செக்யூரிட்டி’ பொருளையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவற்றில் எது காசுக்குப் பெறும், எது பெறாது என்று பார்ப்போம். கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அந்தப் பொருள் கண்ணாடி உடைவதற்கு முன் வேலை செய்கிறதா, உடைந்த பிறகா? ஆறாயிரம் ரூபாய் செட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியடைந்த பிறகு கதவுக் கண்ணாடி, ஃபிட்டிங், கிழிந்த டேஷ்போர்டு என்று பத்தாயிரம் செலவானால் அது காப்பாற்றியதாகாது.

பிளேயர் எப்படிக் கழன்று வருகிறது

ஒற்றை டின் (DIN என்ற அளவு முறை, தகரம் அல்ல) செட்டின் முகப்பு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். ஐஎஸ்ஓ 7736 என்ற அளவு இது. ஒரு தகரக் கூட்டை டேஷ்போர்டில் செருகி, அதன் காதுகளைத் திருப்புளியால் நெம்பி மடக்கினால் கூடு நிற்கும். செட் அந்தக் கூட்டுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் கொக்கியில் நிற்கும். கொக்கியை விடுவிக்க இரண்டு தகட்டுச் சாவி போதும். சாவி செட்டோடு பெட்டியிலேயே வருகிறது. எல்லா கம்பெனி செட்டுக்குமான சாவிக் கொத்தை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம். ஆக, பின்னால் வேறு பிடிப்பு இல்லாத ஒற்றை டின் செட்டை எடுக்க ஒரு நிமிடமே அதிகம்.

இரட்டை டின் என்றால் 180-க்கு 100 மி.மீ. அதற்குத் தகரக் கூடு பெரும்பாலும் கிடையாது. இரண்டு பக்கமும் பிராக்கெட், காரோடு சேர்த்து நாலு ஸ்குரூ. இப்போது எல்லாரும் மாட்டுகிற ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு பிளேயரும் அதே பிடிப்பில்தான் நிற்கிறது. முன்னால் திரையும் அந்தக் காருக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பிரேமும் கூடுதல். பிரேம் கிளிப்பில் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் விட்டு இழுத்தால் வந்துவிடும்.

‘வயரை வெட்டவே மாட்டோம், கப்ளர் டு கப்ளர்’ (செருகியோடு செருகியை இணைப்பது) என்று ஃபிட்டர் பெருமையாகச் சொல்வார். வாரண்டிக்கு அது நல்லது. ஆனால் வெட்டாமல் மாட்டியதை வெட்டாமலே கழற்றலாம். வயர் துண்டிக்கப்படாத செட்டுக்குத்தான் பழைய சாமான் சந்தையில் விலையும் அதிகம்.

கழற்றி எடுக்கும் முகப்பு

கொடுக்கிற காசுக்கு இன்றும் இதை அடித்துக்கொள்ள வேறு பொருள் இல்லை. பயோனியர், சோனி, ஜேவிசி, கென்வுட் எல்லாவற்றிலும் ஒற்றை டின் வகையில் கழலும் முகப்பு வந்திருக்கிறது. முகப்பு இல்லாத உடம்பு வெறும் தகரப் பெட்டி. அதை வெளியிலிருந்து பார்க்கும்போதே தெரிகிறது என்பதுதான் இதன் பலம். கண்ணாடி உடைவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

பழுதாவது எங்கே? உடம்பில் இருக்கும் ஸ்பிரிங் ஊசிகளும் முகப்பின் பின்னால் இருக்கும் தங்கமுலாம் பட்டைகளும்தான் இரண்டையும் இணைக்கின்றன. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டு வைத்த பைக்குள் முகப்பையும் போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பட்டையில் ஈரம் ஏறும். அடுத்த வாரம் பட்டன் விளக்கு எரியும், சத்தம் வராது. அல்லது நடுவழியில் செட் அணைந்து அணைந்து எரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பட்டையை ஒரே திசையில் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊசிகளை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒன்று வளைந்தாலும் செட்டைப் பிரிக்க வேண்டியதுதான். பெட்டியோடு வரும் கெட்டியான உறையில் போட்டு, சிப்லாக் கவரில் வைத்து எடுத்துப் போக வேண்டும்.

முகப்பைக் கழற்றி கிளவ் பாக்ஸில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடியை உடைத்தவன் முதலில் திறப்பதே கிளவ் பாக்ஸைத்தான். தொலைந்த முகப்புக்கு மாற்று வாங்கலாம் என்றும் நம்ப வேண்டாம். தனி முகப்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் புது செட் விலைக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒரே குறை, ஒன்பது அங்குலத் திரை ஆசைப்படுகிறவருக்கு இது ஒத்துவராது.

பின்பட்டை

ஒற்றை டின் செட்டுகளின் பின்பக்கம் நடுவில் ஒரு திருகுத் தண்டு இருக்கும், அல்லது அதை மாட்டத் துளை இருக்கும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் தொப்பியோ ஓட்டை போட்ட இரும்புப் பட்டையோ வரும். செட்டின் பின்பக்கத்தை டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தோடு பிணைப்பதற்கான பட்டை அது. பத்தில் எத்தனை ஃபிட்டர் அதை மாட்டுகிறார் என்று எண்ணவே வேண்டாம். பட்டை அப்படியே பெட்டியில் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். அதை மாட்டக் கூடுதலாக இருபது நிமிடம் ஆகும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பெட்டியில் இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் இருபது, முப்பது ரூபாய்க்கு ஓட்டைப் பட்டை கிடைக்கும்.

மாட்டும் முறை இது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். செட்டை வெளியே எடுத்து, பின்தண்டு தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். 15 முதல் 20 செ.மீ. நீளப் பட்டையின் ஒரு முனையைத் தண்டில் போட்டு, ஸ்பிரிங் வாஷரும் நட்டும் வைத்து இறுக்குங்கள். மறுமுனையைக் குறுக்குச் சட்டத்தில் ஏற்கனவே இருக்கும் துளையில் எம்6 (6 மி.மீ.) போல்ட், அகல வாஷர், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட்டுப் பிணைக்க வேண்டும். சாதா நட்டு இந்த மலைச்சாலை அதிர்வில் மூன்று மாதத்தில் தளர்ந்து கடகடக்கும். பட்டை வளையும் இடத்தில் ஃபெல்ட் டேப் சுற்றினால் உரசல் சத்தம் வராது.

செய்யக்கூடாதவை மூன்று. ஏசி காற்றுக் குழாய் பிளாஸ்டிக்கில் ஸ்குரூ அடிப்பது முதலாவது. அது உடைந்தால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். பட்டையை முறுக்கி இழுத்து செட்டை உள்பக்கமாகச் சாய்ப்பது இரண்டாவது. மூன்றாவது அதிகம் கவனிக்கப்படாதது. பட்டை வழியாக செட்டின் உடம்புக்கு இன்னொரு எர்த் கிடைத்துவிடுகிறது. டிக்கியில் தனி ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) இருந்து, அதன் எர்த் வேறு இடத்தில் இருந்தால், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘வீ…’ என்ற கீச்சு ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கும். தண்டுக்கும் பட்டைக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்தால் கீச்சு போய்விடும், பிடிப்பு போகாது.

இரட்டை டின்னிலும் ஆண்ட்ராய்டிலும் பின்தண்டு இல்லாமல் போகலாம். அங்கே பக்கவாட்டு ஸ்குரூக்களில் இரண்டையாவது நடுவில் முளை உள்ள நட்சத்திரத் தலை ஸ்குரூவாக மாற்றலாம். ஜப்பான் கம்பெனி செட்டுகளில் வழக்கமாக 5 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளம். நீளம் கூடினால் ஸ்குரூ உள்ளே போய் போர்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். ‘புது செட், முதல் நாளே புகை’ என்று வரும் கேஸ்களில் இதுவும் ஒன்று. மலிவு ஆண்ட்ராய்டு செட்டுகளில் 4 மி.மீ. மரையும் வருகிறது, போட்டுப் பார்க்காமல் முறுக்கக் கூடாது. ஒருவழி ஸ்குரூ மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கு சர்வீஸுக்கு நீங்களே கழற்ற முடியாது.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். பட்டை வெளியே தெரியாது. தெரியாத பூட்டு கண்ணாடியைக் காப்பாற்றாது. உள்ளே வந்துவிட்டவன் ஆத்திரத்தில் நெம்பினால் டேஷ்போர்டு கிழியும். நாலாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு செட்டுக்குப் பட்டை மாட்டுவது இரண்டுங்கெட்டான் வேலை. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட செட்டுக்குக் கண்டிப்பாக வேண்டும்.

ரகசிய எண்

காருடனே வரும் செட்டுகளில் ஹோண்டாவுக்கு ஐந்து இலக்கம், ஃபோர்டு, வோக்ஸ்வேகனுக்கு நாலு இலக்கம் என்று ரகசிய எண் உண்டு. பேட்டரி இணைப்பு அறுந்து மறுபடி வந்தால் செட் எண்ணைக் கேட்கும். எண் தெரியாதவனுக்கு செட் பயன்படாது என்பது கணக்கு. பல மாடல்களுக்கு சீரியல் எண்ணை வைத்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி இன்று இணையத்திலேயே இருப்பதால் கணக்கு பழையதாகிவிட்டது. எண் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. கடைசியில் அவதிப்படுவது சொந்தக்காரர்தான்: பேட்டரி மாற்றிய அன்று எண் அட்டை கிடைக்காது, தப்பாக இரண்டு மூன்று முறை போட்டால் செட் பூட்டிக்கொண்டு காத்திருக்க வைக்கும். அட்டையை இன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காரில் வைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு செட்டில் கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் ‘பாஸ்வேர்டு’ ஃபேக்டரி ரீசெட் போட்டால் போய்விடுவதுதான் அதிகம். திருட்டுத் தடுப்பு என்று அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். கூகுள் கணக்கை மட்டும் முடிந்தால் செட்டில் போடாமல் போனிலிருந்து ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாக ஓட்டுங்கள். செட் போனாலும் மெயிலும் போன் எண்களும் கூடவே போகாது.

சைரன் அலாரம்

சென்ட்ரல் லாக்கிங் ரிமோட் இருந்தாலே அலாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல கார்களில் கம்பெனி தருவது கதவு திறந்தால் மட்டும் கத்தும். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு செட்டைக் கழற்றினால் கதவு திறக்கவே இல்லையே. அதிர்வு சென்சார் உள்ள தனி அலாரம் அந்த ஓட்டையை அடைக்கிறது. ஃபிட்டிங்கோடு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை ஆகும்.

நம் பக்கத்தில் இதைக் கெடுப்பவை இரண்டு: காற்றும் குரங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று நிறுத்திய காரையே ஆட்டும். குற்றாலத்தில் குரங்கு ஒன்று கூரையில் குதித்தால் பத்து கார் சேர்ந்து அலறும். வைப்பரைப் பிய்ப்பதும் ஏரியலை வளைப்பதும் தனி. பத்து முறை பொய்யாகக் கத்திய சைரனைப் பதினோராவது முறை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே சென்சார் சரியாக அமைந்தால்தான் இந்தப் பொருளுக்கு மதிப்பு.

இரண்டு நிலை சென்சார் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு சிறு திருகுமுனை இருக்கும். அதைக் குறைந்தபட்சத்தில் வைத்துத் தொடங்க வேண்டும். காரைப் பூட்டி ஒரு நிமிடம் விட்டு, விரல் முட்டியால் கதவுக் கண்ணாடியில் ஒரு தட்டு: ‘பீப் பீப்’ என்ற எச்சரிக்கை மட்டும் வர வேண்டும். உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தால் முழு சைரன். பிறகு கூரையைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஒன்றும் வரக்கூடாது. சென்சாரை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வெயிலில் டேப் இளகி சென்சார் தொங்கும். தானே கத்தும், அல்லது எதற்கும் கத்தாது. ஸ்டீயரிங் தூணுக்குக் கீழே இரும்பில் ஸ்குரூ போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி ஊமையாகும். பானட் சுவிட்ச் துருப்பிடித்தால் நடு ராத்திரியில் காரணமில்லாமல் கத்தும். வயர் இணைப்பை முறுக்கி டேப் ஒட்டினால் இந்த ஈரத்தில் பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து சுருங்கு குழாய் போடுவதற்கு நூறு ரூபாய் அதிகம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். அலாரம் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளுக்கு 0.48, மாதத்துக்குச் சுமார் 14 ஆம்பியர் மணி. சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணிதான். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர்களின் கார் அலாரம் போட்டபடி ஷெட்டில் நின்றால் இரண்டாம் மாதம் ஸ்டார்ட் ஆகாது. சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று செட்டின் சிவப்பு வயரை மஞ்சளோடு சேர்த்துவிடும் ஃபிட்டர்களும் உண்டு. மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது. இரண்டையும் சேர்த்தால் ஆண்ட்ராய்டு செட் தூங்கவே தூங்காது, சில நாளில் பேட்டரி காலி. பழி மட்டும் அலாரத்தின் மேல் விழும். காரைப் பூட்டி இருபது நிமிடம் கழித்து, நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

மினுக்கும் சிவப்பு விளக்கு

நாலாயிரம் ரூபாய் அலாரத்தில் கண்ணாடி உடைவதற்கு முன் வேலை செய்கிற பாகம் எது என்று பார்த்தால், டேஷ்போர்டில் மினுக்குகிற இந்தச் சின்ன எல்இடிதான். அதை மட்டும் தனியாகவும் மாட்டலாம். தானே மினுக்கும் 12 வோல்ட் எல்இடி முப்பது ரூபாய். சாதா எல்இடி என்றால் 2.2 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் தொடரில் வேண்டும். 5 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்.

சுவிட்ச் தேவையில்லாமல் இணைக்க ஒரு வழி உண்டு. பாசிட்டிவ் காலை நிரந்தர 12 வோல்ட்டிலும், நெகட்டிவ் காலை எர்த்துக்குப் பதில் சாவி போட்டால் வரும் ஏசிசி லைனிலும் கொடுங்கள். சாவி இல்லாதபோது ஏசிசி லைன் மற்ற கருவிகள் வழியாக எர்த்துக்கு இறங்கியிருக்கும், விளக்கு மினுக்கும். சாவி போட்டதும் இரண்டு பக்கமும் 12 வோல்ட், விளக்கு தானே அணையும். நிரந்தர லைனில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட மறக்கக் கூடாது. பழகிய திருடனை இது ஏமாற்றாது. ஆனால் பக்கத்துக் காரில் விளக்கு இல்லையென்றால் அவன் அங்கே போவான். இரக்கமில்லாத கணக்குதான், ஆனால் உண்மை.

ஜிபிஎஸ், டேக்

வண்டிக்கு ஜிபிஎஸ் நல்லது. செட்டுக்கு அவ்வளவாக இல்லை. செட் கழன்ற கணமே அதற்கு வரும் மின்சாரம் நின்றுவிடும். புளூடூத் டேக்கை (இருக்குமிடத்தைப் போனில் காட்டும் சிறு வில்லை; ஏர்டேக் அதில் ஒன்று) செட்டின் தகர உடம்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது. வைப்பதென்றால் திரைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பிரேமில்தான். ஏர்டேக் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். சித்திரை வெயிலில் தென்காசியில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும், பட்டன் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று போன்களே எச்சரிக்கை காட்டுவதால் திருடனுக்கும் செய்தி போய்விடும். தேவையில்லாத செலவு.

கறுப்பு பிலிம்

உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கட்டும் என்று கறுப்பு பிலிம் ஒட்டச் சொல்லும் கடைகளை நம்ப வேண்டாம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. இந்த அளவுக்குள் தரச்சான்றுள்ள பிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னதை வைத்துக்கொண்டு ‘இனி எது வேண்டுமானாலும் ஒட்டலாம்’ என்று விற்கிறார்கள். 50 சதவீத பிலிமில் ஒன்பது அங்குலத் திரை நன்றாகவே தெரியும். அதற்குக் கீழே போனால் புளியரை செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். திரையின் மேல் போடும் கறுப்புத் துணி உறை நூறு ரூபாய். அது இதைவிட உருப்படியானது.

வூஃபர் பெட்டியும் ஆம்பும்

செட்டைக் காப்பாற்ற இவ்வளவு யோசிக்கிறவர்கள் டிக்கியில் பத்தாயிரம் ரூபாய் வூஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டியை வெறுமனே வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைத் தூக்குவதற்குக் கருவியே வேண்டாம். ஸ்பிரிங் முனையில் செருகிய இரண்டு வயரை இழுத்தால் போதும்.

பெட்டியை அடித்தளத்தில் பிணைக்க நாலு எம்6 போல்ட், அடியில் அகல வாஷர், நைலாக் நட்டு. துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்: பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், பின்சக்கர வயரிங் எதுவும் அந்த இடத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. துளையின் ஓரத்தில் துத்தநாகப் பெயின்ட் தடவி, மேலே சீலன்ட் வைக்காவிட்டால் இரண்டு மழையில் துரு தொடங்கும். போல்ட்டின் தலை பெட்டிக்கு உள்ளே இருக்கட்டும்; ஸ்பீக்கரைக் கழற்றினால்தான் எட்ட முடியும். துளையே வேண்டாம் என்றால் குழந்தை இருக்கைக்கான மேல் கொக்கியில் 4 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிற்றைக் கோத்துப் பூட்டலாம். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடக்கூடாது. டிக்கி தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பெரிய பெட்டி வைக்கிறவர்கள், பின் கண்ணாடி வழியாக அது கடைக்காட்சி மாதிரி தெரிகிறது என்பதை ஒருமுறை வெளியே நின்று பார்ப்பது நல்லது.

பில்லும் காப்பீடும்

வெளியே வாங்கி மாட்டிய செட் கார் பாலிசியில் தானாகச் சேராது. ஐஎம்டி 24 என்ற சேர்க்கையில் அதன் மதிப்பைத் தனியாக எழுத வேண்டும். வழக்கமான பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம். பதினைந்தாயிரம் ரூபாய் செட்டுக்கு 600, ஜிஎஸ்டி சேர்த்து 708. எல்லையின் இரு பக்கமும் சில கடைகள் ‘எஸ்டிமேட்’ சீட்டு மட்டும் கொடுத்துவிடும். ஜிஎஸ்டி பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இல்லாமல் காப்பீட்டுக்காரரிடம் வாதாடுவது வீண்.

ஆனாலும் கிளெய்ம் போடுமுன் கணக்குப் போடுங்கள். 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000, அதற்கு மேல் 2,000 ரூபாய். தேய்மானம் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், ‘நோ கிளெய்ம் போனஸ்’ (கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) பூஜ்யமாகி மறுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் ஆறாயிரமும் போனஸ் 35 சதவீதமும் என்றால் முதல் வருடமே 2,100 ரூபாய் கையை விட்டுப் போகும். ஐயாயிரம் ரூபாய் செட்டுக்குக் கிளெய்ம் போடுவது நஷ்டம். அலாரம் மாட்டினால் பிரீமியம் குறையும் என்று கடையில் சொல்வார்கள். அது ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) ஒப்புதல் பெற்ற கருவிக்கு மட்டும், 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய்.

மலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திய காரில் திருட்டு நடந்து, ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தால், திரும்ப ஏற வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். செட்டின் பின் லேபிளை மாட்டும் அன்றே போட்டோ எடுத்து, தகர உடம்பிலும் திரையின் பின்னாலும் கார் எண்ணைக் கீறி வைத்திருந்தால் அந்தப் புகாருக்கு உயிர் இருக்கும்.

உடைந்த பிறகு

கண்ணாடி மாற்றுகிறவர் சீட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். கதவின் உள் அட்டையைக் கழற்றச் சொல்லி, அடியில் விழுந்த தூளை வேக்குவம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் இரண்டு தொல்லை: கண்ணாடி ஏற்றும் கருவியின் பல்லில் துண்டு மாட்டி மோட்டார் திணறும், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைந்து ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே ‘சளக்’ என்று கேட்டால் துளை அடைந்திருக்கிறது. மெல்லிய கம்பியால் கீழிருந்து குத்தி விடலாம்.

போன செட்டுக்குப் பதிலாகப் பழைய செட் வாங்கப் போகிறவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கப்ளரோடு ஒட்ட வெட்டிய வயர் துண்டுகள் தொங்கினாலோ, சீரியல் லேபிள் சுரண்டியிருந்தாலோ, பக்கவாட்டில் நெம்பிய பள்ளம் இருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 317-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.